ஹெக்ஸ்ப்ரூஃப் இருந்தும் கிரீச்சர் ஏன் செத்துச்சு? மேஜிக்ல பாதுகாப்பு வேலை செய்யலைன்னா என்னென்ன பாக்கணும்

எங்க செட்டுல மேஜிக் தி கேதரிங்ங்கற கார்டு கேம் ஆட ஆரம்பிச்சதுல இருந்து வாரம் தவறாம வர்ற தகராறு ஒண்ணுதான். "டேய் அதுக்குத்தான் ஹெக்ஸ்ப்ரூஃப் இருக்கே, அது எப்படிடா சாகும்?" ஒருத்தன் கேப்பான், இன்னொருத்தன் ஃபோன எடுத்து தேடுவான், பத்து நிமிஷம் ஆட்டம் அப்படியே நிக்கும், புதுசா ஆட வந்த பையன் முகம் வாடிப்போயிரும். ரூல படிச்சு சொல்ற வேலை எப்படியோ என் தலையில விழுந்துருச்சு, அதே கேள்விக்கு அத்தன தடவ பதில் சொன்னதுல எங்க தப்பாகுதுன்னு இப்ப பாத்த உடனே புடிபடுது. அத அப்படியே எழுதுறேன். உங்க ஆட்டத்துல என்ன நடந்துச்சோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் மொதல்ல கார்ட படிச்சாலே தெரியுற காரணம், அப்புறம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது, கடைசியா காசு போட்டு டெக்க மாத்த வேண்டியது, இந்த வரிசையில இருக்கும்.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரே ஒரு வேலை. உங்க கார்ட கொஞ்சம் விடுங்க, உங்க கிரீச்சர (உங்களுக்காக சண்ட போடுற கார்ட) கொன்ன கார்ட கையில வாங்கி சத்தமா படிங்க. அது என்ன பண்ணுதுன்னு சொல்ற வார்த்தைய புடிங்க. டிஸ்ட்ராய்னு (அழிச்சு கிரேவ்யார்டுங்கற கழிச்ச கார்டு குவியலுக்கு அனுப்புறது) இருக்கா, எக்ஸைல்னு (ஆட்டத்த விட்டே ஒதுக்குறது) இருக்கா, சாக்ரிஃபைஸா (நீங்களே பலி குடுக்குறது), டேமேஜா, மைனஸ் குடுத்து டஃப்னஸ (தாங்குற சக்திய) குறைக்குதா, அப்புறம் டார்கெட்ங்கற (குறி வெக்கிற) வார்த்த இருக்கா இல்லையா. இந்த கேம்ல "யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு ஒரு பாதுகாப்பு கெடையாது, 1993ல வந்த முதல் கார்டு செட்டுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஒவ்வொரு பாதுகாப்பும் ஒரு கதவ இல்லன்னா ஒரு சில கதவ மட்டும்தான் பூட்டுது, மத்த கதவு தொறந்தேதான் இருக்கும். உங்க கிரீச்சர் எந்தக் கதவு வழியா போச்சுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

## ஹெக்ஸ்ப்ரூஃப் இருந்தும் கிரீச்சர் போயிடுச்சு

### அந்த கார்டுல டார்கெட்னு வார்த்தையே இல்ல

பத்துல எட்டு தடவ இதுதான் காரணம். ஹெக்ஸ்ப்ரூஃப் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், எதிராளியோட ஸ்பெல்லும் (கையிலருந்து போடுற கார்டு) எபிலிட்டியும் (கார்டுல எழுதியிருக்குற திறன்) இத டார்கெட் பண்ண முடியாது. ராத் ஆஃப் காட் யாரையும் டார்கெட் பண்ணல, எல்லா கிரீச்சரையும் டிஸ்ட்ராய் பண்ணுன்னு பொத்தாம் பொதுவா சொல்லுது, அதனால ஹெக்ஸ்ப்ரூஃப் கிட்ட அது அனுமதியே கேக்காது. பிளாஸ்ஃபமஸ் ஆக்ட் ஒவ்வொரு கிரீச்சருக்கும் 13 டேமேஜ் அடிக்குது, அதுவும் அப்படித்தான். சைக்ளோனிக் ரிஃப்ட சாதாரணமா 2 மனாவுக்கு (மனாங்கறது கார்டு போட குடுக்குற விலை, பெரும்பாலும் லேண்டு கார்டுல இருந்து வரும்) போட்டா டார்கெட், ஆனா 7 மனா குடுத்து ஓவர்லோட் பண்ணா டார்கெட்ங்கற வார்த்தையே "ஒவ்வொண்ணும்"னு மாறிடும், உங்க ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சரும் கைக்கு திரும்பி வந்துடும். ஒரே கார்டு ரெண்டு விதமா வேலை செய்யுறதால இதுல ஏமாறாத ஆளே எங்க செட்டுல இல்ல.

செக் பண்றது சுலபம், டார்கெட்னு எழுதியிருக்கான்னு தேடுங்க. ஒரு விதிவிலக்கு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஆரா (கிரீச்சர் மேல ஒட்டுற மந்திரம்) கார்டுல "எஞ்சான்ட் கிரீச்சர்"னு மட்டும்தான் போட்டிருக்கும், டார்கெட்னு இருக்காது, ஆனா ஆராவ கையிலருந்து ஸ்பெல்லா போடும்போது அது டார்கெட் பண்ணிதான் ஆகணும், அதனால எதிராளியோட பாசிஃபிசம் மாதிரி ஆரா உங்க ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சர் மேல வராது. இதுக்கு நேர் எதிரா "சூஸ்"னு சொல்ற கார்டுங்க, ஓட்டு போட்டு எக்ஸைல் பண்ற கவுன்சில்ஸ் ஜட்ஜ்மென்ட், காப்பி அடிக்கிற குளோன், இதெல்லாம் டார்கெட் பண்றதில்ல, ஹெக்ஸ்ப்ரூஃப தாண்டி போயிடும்.

### டார்கெட் நீங்க, கிரீச்சர் இல்ல

டயபாலிக் ஈடிக்ட் மாதிரி கார்டு "டார்கெட் பிளேயர் ஒரு கிரீச்சர சாக்ரிஃபைஸ் பண்ணணும்"னு சொல்லும். டார்கெட்னு வார்த்த இருக்கேன்னு சந்தோஷப்படாதீங்க, அது யாரன்னு பாருங்க. ஹெக்ஸ்ப்ரூஃப் உங்க கிரீச்சருக்கு இருக்கு, உங்களுக்கு இல்ல. ஒத்த கிரீச்சர வெச்சுக்கிட்டு அதுமேல ஆரா ஆராவா அடுக்குற போகிள்ஸ் டெக் ஆடுறவங்களுக்கு இது தீராத தலைவலி, ஸ்லிப்பரி போகிள் ஒரு மனாவுக்கு வர்ற 1/1 (தாக்குற சக்தி 1, டஃப்னஸ் 1) தான், அதுமேல அஞ்சு ஆரா ஏத்தி வெச்சிருப்பீங்க, ஒரே ஈடிக்ட்ல மொத்தமும் போயிடும்.

செலவில்லாத தீர்வு, பலி குடுக்குறதுக்குன்னே ஒரு டோக்கனோ (நெஜ கார்டு இல்லாம வேற கார்டு உருவாக்குற கிரீச்சர்) சின்ன கிரீச்சரோ எப்பவும் பக்கத்துல வெச்சிருங்க. ஆனா 2023ல வந்த ஷியோல்ட்ரெட்ஸ் ஈடிக்ட் டோக்கன் இல்லாத கிரீச்சரத்தான் பலி குடுக்கணும்னு கேக்க முடியும், அதுக்கு டோக்கன் உதவாது, நெஜ கார்டா ஒரு சின்ன கிரீச்சர் வேணும். அடுத்த படி, உங்களுக்கே ஹெக்ஸ்ப்ரூஃப் குடுக்குற லேலைன் ஆஃப் சாங்டிட்டி மாதிரி கார்டு. கமாண்டர் (ஒரு லெஜெண்டரி கிரீச்சர தலைவனா வெச்சு ஆடுற வகை) ஆடுறவங்களுக்கு சிகார்டா, ஹோஸ்ட் ஆஃப் ஹெரான்ஸ் நல்ல வழி, எதிராளியோட ஸ்பெல்லோ எபிலிட்டியோ உங்கள சாக்ரிஃபைஸ் பண்ண வைக்கவே முடியாதுன்னு அந்த கார்டுலயே இருக்கு.

### ஹெக்ஸ்ப்ரூஃப் வந்து சேர்றதுக்குள்ள அடிச்சுட்டாங்க

ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸ் மாதிரி எக்விப்மென்ட்ட (கிரீச்சருக்கு மாட்டுற கருவிய) மாட்டுறேன்னு சொன்ன உடனே பாதுகாப்பு வந்துடாது. எக்விப், அதாவது மாட்டுறது, ஒரு எபிலிட்டி, அது ஸ்டாக்ல (நடக்கப்போற வேலைங்க காத்திருக்குற வரிசையில) போய் உக்காரும், எதிராளி அதுக்கு ரெஸ்பான்ஸா, அது நடக்குறதுக்கு முன்னாடியே குறுக்க, லைட்னிங் போல்ட் போடலாம். லைட்னிங் கிரீவ்ஸுக்கு எக்விப் 0தான், இலவசம், ஆனாலும் ஸ்டாக்ல போய்தான் ஆகணும். "ஃப்ரீதானே, உடனே மாட்டிருச்சு"ன்னு சொல்லி நகர்ந்து போறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன், எதிராளிக்கு ரெஸ்பாண்ட் பண்ண இடம் குடுக்கணும், அது அவங்க உரிமை.

### யாரோ ஹெக்ஸ்ப்ரூஃப கழட்டிட்டாங்க

மேஜைல ஷேடோஸ்பியர் இருக்கான்னு பாருங்க. ஒரே ஒரு மனா, எதிராளிங்களோட பெர்மனென்ட் (மேஜைல நிக்குற கார்டு) எல்லாத்துக்கும் அந்த டர்ன் முடியுற வரைக்கும் ஹெக்ஸ்ப்ரூஃபும் போச்சு இன்டிஸ்ட்ரக்டிபிளும் போச்சு. ஆர்கேன் லைட்ஹவுஸ் வெறும் லேண்டு மாதிரி ஓரமா கெடக்கும், யாரும் கவனிக்க மாட்டாங்க. அதுல "இழக்கும்"னு மட்டும் இல்லாம "இருக்கவும் முடியாது"ன்னும் எழுதியிருக்கு, அதனால அந்த டர்ன்ல நீங்க அப்புறமா கிரீச்சருக்கு புதுசா ஹெக்ஸ்ப்ரூஃப் குடுத்தாலும் ஒட்டாது. ஷேடோஸ்பியர்ல அந்த ரெண்டாவது பாதி இல்ல, அது வேலை செஞ்சு முடிச்ச பிறகு நீங்க ஹீரோயிக் இன்டர்வென்ஷன் போட்டா மறுபடி கிடைச்சிடும்.

## என் கிரீச்சர் மேல நானே ஒண்ணும் போட முடியல

இந்தக் குழப்பம் கிட்டத்தட்ட எப்பவும் லைட்னிங் கிரீவ்ஸாலதான் வருது. அது குடுக்குறது ஹெக்ஸ்ப்ரூஃப் இல்ல, ஷ்ரௌட். ஷ்ரௌட்னா யாராலயும் டார்கெட் பண்ண முடியாது, ஓனர் உட்பட. கிரீவ்ஸ் மாட்டின கிரீச்சருக்கு அப்புறம் ஒரு வாள மாட்டணும்னா முடியாது, ஏன்னா எக்விப்பும் டார்கெட் பண்ணுது. மொதல்ல கிரீவ்ஸ வேற ஒரு கிரீச்சருக்கு மாத்தி, வாள மாட்டி, அப்புறம் கிரீவ்ஸ திருப்பி கொண்டு வாங்க, எக்விப் 0ங்கறதால செலவு இல்ல. ஆனா இதுக்கு ரெண்டாவது கிரீச்சர் கண்டிப்பா வேணும், உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா மாட்டிக்கிட்டீங்க. அதனால வாள் எல்லாம் மொதல்ல, கிரீவ்ஸ் கடைசியா.

ஏற்கனவே மாட்டியிருக்குற ஆராவும் எக்விப்மென்ட்டும் ஷ்ரௌட் வந்ததால கீழ விழாது, அது புது டார்கெட்ட மட்டும்தான் தடுக்கும். இந்த ஒரு விஷயத்துல ப்ரொடக்‌ஷன் வேற மாதிரி, அடுத்த தலைப்புல வருது.

அடிக்கடி இந்தப் பிரச்சனை வருதுன்னா ஸ்விஃப்ட்ஃபுட் பூட்ஸுக்கு மாறிடுங்க. எக்விப் 1, ஆனா ஹெக்ஸ்ப்ரூஃப் குடுக்குது, நீங்க உங்க இஷ்டத்துக்கு எது வேணா மாட்டலாம். கமாண்டர் மேல நிறைய ஆராவும் வாளும் ஏத்துற டெக்குனா கிரீவ்ஸே வேணாம்னுதான் நான் சொல்லுவேன், அந்த ஒரு மனாவ பாத்து பயப்படாதீங்க.

பழைய கார்டு கையில இருந்தா அதுல அச்சடிச்சிருக்குறத நம்பாதீங்க. ஷ்ரௌட்ங்கற பேரு 2007ல ஃப்யூச்சர் சைட்ல வந்துச்சு, ஹெக்ஸ்ப்ரூஃப்ங்கற பேரு 2011ல மேஜிக் 2012 செட்டுல. அதுக்கு முன்னாடி வந்த கார்டுல நீளமா வாக்கியமா எழுதியிருக்கும், ட்ரோல் அசெட்டிக்கோட பழைய பிரதி அப்படித்தான். "எதிராளிங்க டார்கெட் பண்ண முடியாது"ன்னு இருந்தா ஹெக்ஸ்ப்ரூஃப், யாராலும் முடியாதுன்னு இருந்தா ஷ்ரௌட். கேதரர்ங்கற மேஜிக்கோட அதிகாரப்பூர்வ சைட்ல கார்டு பேர போட்டா இன்னிக்கு செல்லுபடியாகுற வாசகம் வரும், அதுதான் கடைசி.

## ப்ரொடக்‌ஷன் இருந்தும் செத்துச்சு, இல்ல ப்ரொடக்‌ஷன் வந்ததும் வேற ஏதோ கெட்டுப்போச்சு

இந்தத் தலைப்பு நீளமாத்தான் இருக்கும், ஏன்னா ப்ரொடக்‌ஷன் ஒண்ணு மட்டும்தான் நாலு வேலைய சேத்து பாக்குது. அந்தத் தன்மை உள்ள சோர்ஸ்ல இருந்து வர்ற டேமேஜ் தடுக்கப்படும், அந்தத் தன்மை உள்ள ஆராவோ எக்விப்மென்ட்டோ ஒட்டாது, அந்தத் தன்மை உள்ள கிரீச்சர் இத பிளாக் பண்ண முடியாது, அந்தத் தன்மை உள்ள ஸ்பெல்லோ சோர்ஸோ இத டார்கெட் பண்ண முடியாது. டேமேஜ், எஞ்சான்ட், பிளாக், டார்கெட், நாலே நாலு. முதல் செட்டுல வந்த ஒயிட் நைட்டுக்கும் பிளாக் நைட்டுக்கும் இது இருந்துச்சு, இன்னிக்கும் அதே நாலுதான். இந்த நாலுல அடங்காதது எதுவா இருந்தாலும் உள்ள வரும்.

### ராத் ஆஃப் காட்ல செத்துச்சு

ப்ரொடக்‌ஷன் ஃப்ரம் ஒயிட் இருந்தும் வெள்ள கார்டு ராத் ஆஃப் காட் கொன்னுடுச்சேன்னு கேக்குறாங்க. டேமேஜா? இல்ல. டார்கெட்டா? இல்ல. அப்ப சாகும். ப்ரொடக்‌ஷன் ஃப்ரம் எவ்ரிதிங் இருக்குற ப்ரோஜெனிடஸ் 10/10 கூட ராத்துக்கு தப்பாது. டாக்ஸிக் டெல்யூஜ் எல்லா கிரீச்சருக்கும் மைனஸ் குடுக்குது, அதுவும் நாலுல வரல. ஆனா பிளாஸ்ஃபமஸ் ஆக்ட் டேமேஜ், அது சிவப்பு கார்டு, அதனால ப்ரொடக்‌ஷன் ஃப்ரம் ரெட் உள்ள கிரீச்சர் மட்டும் நின்னுடும். ஹெக்ஸ்ப்ரூஃப் காப்பாத்தாத எடத்துல ப்ரொடக்‌ஷன் காப்பாத்துறது இதுதான், கவனிச்சு வெச்சுக்கோங்க.

### என் ஆராவே கழண்டு விழுந்துடுச்சு

மதர் ஆஃப் ரூன்ஸ் வெச்சு உங்க கிரீச்சருக்கு ப்ரொடக்‌ஷன் ஃப்ரம் ஒயிட் குடுத்தீங்க, எதிராளியோட ஸ்வோர்ட்ஸ் டு ப்ளௌஷேர்ஸ் தோத்துப்போச்சு, சந்தோஷம். ஆனா அதே கிரீச்சர் மேல நீங்க போட்டு வெச்சிருந்த வெள்ள ஆராவும் உடனே கிரேவ்யார்டுக்கு போயிடும். ப்ரொடக்‌ஷன் யாரு போட்டதுன்னு பாக்காது, நிறத்த மட்டும்தான் பாக்கும். எக்விப்மென்ட் பெரும்பாலும் நிறமில்லாதது, அதனால அது அப்படியே இருக்கும். ஸ்வோர்ட் ஆஃப் ஃபயர் அண்ட் ஐஸ் மாட்டின கிரீச்சர் மேல உங்க நீல ஆராவ போட முடியாததுக்கும் இதுவே காரணம்.

பதில் ரொம்ப சுலபம்தான், நிறம் சொல்றதுக்கு முன்னாடி கிரீச்சர் மேல என்னென்ன ஒட்டியிருக்குன்னு ஒரு தடவ விரலால தொட்டு பாத்துக்கோங்க. எதிராளி கறுப்பு கார்டு போடுறான்னா கறுப்ப சொல்லுங்க, பதட்டத்துல வேற நிறத்த சொல்லி ஆட்டத்த தோத்தவங்கள எனக்கு தெரியும்.

### பிளாக் பண்ண பிறகு குடுத்தேன், டேமேஜ் உள்ள போகல

உங்க கிரீச்சர் அட்டாக் பண்ணுது, எதிராளி பச்ச கிரீச்சர வெச்சு பிளாக் பண்ணிட்டான், நீங்க ப்ரொடக்‌ஷன் ஃப்ரம் கிரீன் குடுக்குறீங்க. பிளாக் பண்ணது பண்ணதுதான், அது ரத்தாகாது. உங்க கிரீச்சருக்கு அந்த பிளாக்கர்கிட்டருந்து டேமேஜ் வராது, நீங்க அத அடிக்கலாம், ஆனா பிளேயருக்கு டேமேஜ் போகாது. உள்ள போகணும்னா பிளாக்கர் அறிவிக்குறதுக்கு முன்னாடியே குடுக்கணும். நீங்க பிளாக் பண்ற பக்கம் இருந்தா இதையே திருப்பி பயன்படுத்தலாம், மொதல்ல பிளாக் பண்ணுங்க, அப்புறம் பிளாக்கருக்கு ப்ரொடக்‌ஷன் குடுங்க, பிளாக்கர் சாகாது, அட்டாக்கர் அடி வாங்கும்.

### ட்ராம்பிள் பிச்சுக்கிட்டு போச்சு

ட்ராம்பிள் (மிச்ச டேமேஜ் பிளாக்கர தாண்டி பிளேயருக்கு போற திறன்) இருக்குற அட்டாக்கர், பிளாக்கரோட டஃப்னஸுக்கு வேண்டிய டேமேஜ ஒதுக்கினா போதும், அது ப்ரொடக்‌ஷனால தடுக்கப்படுமா இல்லையாங்கறத கணக்குல எடுக்காது. 6/6 ட்ராம்பிள உங்க 2/2 ப்ரொடக்‌ஷன் கிரீச்சர் பிளாக் பண்ணா 2 அங்க ஒதுக்கி 4 உங்க மேல வரும். உங்க கிரீச்சர் பிழைக்கும், உங்க லைஃப் குறையும்.

### டேமேஜ் தடுக்கப்படவே இல்ல

ஸ்கல்கிராக் மாதிரி "இந்த டர்ன் டேமேஜ தடுக்க முடியாது"ன்னு சொல்ற கார்டு யாராவது போட்டிருக்காங்களான்னு பாருங்க. அப்படி இருந்தா ப்ரொடக்‌ஷனோட டேமேஜ் பகுதி மட்டும் செயலிழந்துடும், மத்த மூணும் அப்படியே இருக்கும். இது அபூர்வம், ஆனா நடக்கும்போது யாருக்கும் காரணம் புரியாது.

## இன்டிஸ்ட்ரக்டிபிள் கிரீச்சர் கிரேவ்யார்டுக்கு போயிடுச்சு

2004ல டார்க்ஸ்டீல் செட்டுல டார்க்ஸ்டீல் கொலாசஸ் 11/11 வந்தப்ப இருந்து இந்த வார்த்த மேல எல்லாருக்கும் ஒரு மயக்கம். பேரு அப்படி. ஆனா இது தடுக்குறது ரெண்டே விஷயம், டிஸ்ட்ராய்ங்கற வார்த்தையையும் டேமேஜால சாகுறதையும். டெத்டச் (கொஞ்சம் டேமேஜ் பட்டாலே கொல்ற திறன்) கூட டேமேஜ் வழியாத்தான் கொல்லும், அதையும் இது தாங்கும்.

ஒரு ராத்திரி எங்க செட்டுல ஒருத்தன் ஹீரோயிக் இன்டர்வென்ஷன் போட்டான், ஹெக்ஸ்ப்ரூஃபும் இன்டிஸ்ட்ரக்டிபிளும் ரெண்டும் சேந்து வந்துச்சு, இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு நிம்மதியா உக்காந்தான். எதிராளி போட்டிருந்தது டாக்ஸிக் டெல்யூஜ். 5 லைஃப் குடுத்து எல்லாத்துக்கும் -5/-5. அவனோட மொத்த படையும் போச்சு, அவன் கார்ட எடுக்கவே இல்ல, "இல்லடா, இன்டிஸ்ட்ரக்டிபிள்டா"ன்னு திரும்ப திரும்ப சொல்லிக்கிட்டே இருந்தான். டஃப்னஸ் 0 ஆயிட்டா அது டிஸ்ட்ராய் இல்ல, கேமே அத எடுத்து கிரேவ்யார்டுல வெச்சுடும், அதுக்கு எந்தப் பாதுகாப்பும் கேள்வி கேக்க முடியாது. அன்னிக்குத்தான் இதையெல்லாம் எழுதி வெக்கணும்னு எனக்கு தோணுச்சு.

மத்த காரணத்த சுருக்கமா சொல்றேன். எக்ஸைல் பண்ணா போகும், ஸ்வோர்ட்ஸ் டு ப்ளௌஷேர்ஸும் ஃபேர்வெல்லும் அப்படித்தான். சாக்ரிஃபைஸ்னா போகும். கைக்கு திருப்பி அனுப்பினா போகும். ஒரே பேர்ல ரெண்டு லெஜெண்டரி உங்ககிட்ட வந்தா ஒண்ணு போகும், இன்டிஸ்ட்ரக்டிபிளா இருந்தாலும் போகும், நம்ம கமாண்டர நாமளே காப்பி அடிச்சு இதுல மாட்டுறது நிறைய நடக்குது.

இன்னொண்ணு இருக்கு, கொஞ்சம் மறைவானது. இன்டிஸ்ட்ரக்டிபிள் கிரீச்சர் மேல விழுந்த டேமேஜ் காணாம போறதில்ல, டர்ன் முடியுற வரைக்கும் அதுமேலேயே ஒட்டியிருக்கும். 4/4 மேல 6 டேமேஜ் விழுந்திருக்கு, இன்டிஸ்ட்ரக்டிபிள்ங்கறதால நிக்குது, அப்புறம் அதே டர்ன்ல எதிராளி ஷேடோஸ்பியர ஆக்டிவேட் பண்ணா அந்த நிமிஷமே செத்துடும். டர்ன் முடியும்போது மட்டும் பயம் வேணாம், "டர்ன் முடியுற வரைக்கும்"னு குடுத்த இன்டிஸ்ட்ரக்டிபிளும் ஒட்டியிருந்த டேமேஜும் ஒரே நேரத்துல போகும்.

தீர்வு என்னன்னா, இன்டிஸ்ட்ரக்டிபிள மட்டும் நம்பி டெக் கட்டாதீங்க. உங்க மேஜைல டெல்யூஜும் ஃபேர்வெல்லும் அதிகமா வருதுன்னா கீழ சொல்ற ஃபேஸிங் பக்கம் போகணும், அதுக்கு கொஞ்சம் செலவாகும்.

## வார்டு இருக்கு, ஆனா ஒண்ணும் நடக்கல

வார்டு 2021ல ஸ்ட்ரிக்ஸ்ஹேவன்ல வந்துச்சு. ஹெக்ஸ்ப்ரூஃப் மாதிரி கதவ பூட்டாது, உள்ள வரணும்னா காசு குடுன்னு கேக்கும், காசுன்னா பெரும்பாலும் கூடுதல் மனா. எதிராளியோட ஸ்பெல்லோ எபிலிட்டியோ இத டார்கெட் பண்ணா இது ட்ரிகர் ஆகும் (தானா கெளம்பும்), அவன் கேட்டத குடுக்கலைன்னா அந்த ஸ்பெல் கவுண்டர் ஆகும், அதாவது ரத்தாகும். எனக்கு வார்டு ரொம்ப பிடிக்கும், ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சர் முன்னாடி எதிராளி கைய கட்டிக்கிட்டு உக்கார வேண்டியிருக்கும், இதுல அவனுக்கும் ஒரு வழி இருக்கு.

வேலை செய்யலைன்னா மொதல்ல நீங்க சொன்னீங்களான்னு பாருங்க. இது உங்க ட்ரிகர், நீங்கதான் சொல்லணும். டோர்னமெண்ட்ல எதிராளி உங்க ட்ரிகர உங்களுக்கு ஞாபகப்படுத்தணும்னு கட்டாயம் இல்ல. ஸ்பெல் ரிசால்வ் ஆகி (வேலை செஞ்சு முடிச்சு) கிரீச்சர் கிரேவ்யார்டுக்கு போன பிறகு "வார்டு இருந்துச்சே"ன்னு சொன்னா வருத்தம்தான் மிச்சம். எதிராளி உங்க கிரீச்சர கை காட்டின உடனே "வார்டு 2"ன்னு வாய்விட்டு சொல்லி பழகுங்க.

ரெண்டாவது, வார்டு எப்ப வந்துச்சு? ஸ்பெல் டார்கெட் பண்ண பிறகு ரெஸ்பான்ஸா வார்டு குடுத்தா பிரயோஜனம் இல்ல, டார்கெட் ஆகுற அந்த நொடியில இருந்தாத்தான் ட்ரிகர் ஆகும். ஹெக்ஸ்ப்ரூஃப் அப்படி இல்ல, ரெஸ்பான்ஸா குடுத்தாலும் ஸ்பெல் ரிசால்வ் ஆகும்போது டார்கெட் தப்பாயிடும்.

மூணாவது, அந்த ஸ்பெல்ல கவுண்டர் பண்ண முடியாதுன்னு எழுதியிருக்கா? அப்ரப்ட் டீகே அப்படி ஒண்ணு. வார்டு ட்ரிகர் ஆகும், எதிராளி காசு குடுக்காம சும்மா இருப்பான், ஸ்பெல் அப்படியே வேலை செய்யும்.

நீங்களே உங்க கிரீச்சர டார்கெட் பண்ணா வார்டு கேக்காது. ஒரே கிரீச்சருக்கு ரெண்டு எடத்துலருந்து வார்டு வந்தா ரெண்டும் தனித்தனியா ட்ரிகர் ஆகும், எதிராளி ரெண்டையும் கட்டணும். ராத் மாதிரி கார்டுக்கு வார்டு ஒண்ணும் பண்ணாது, காரணம் மேலயே சொன்னதுதான்.

## ரெஸ்பான்ஸா காப்பாத்தினேன், அப்பவும் ஸ்பெல் வேலை செஞ்சுது

அந்த ஸ்பெல்லுக்கு எத்தன டார்கெட்னு எண்ணுங்க. ஒண்ணே ஒண்ணுதான், அதுக்கு நீங்க ஹெக்ஸ்ப்ரூஃபோ ப்ரொடக்‌ஷனோ குடுத்துட்டீங்கன்னா ஸ்பெல் ரிசால்வே ஆகாது, அதுல "ஒரு கார்டு எடு"ன்னு சேத்து எழுதியிருந்தா அதுவும் நடக்காது. ரெண்டு டார்கெட் இருந்து ஒண்ணத்தான் காப்பாத்துனீங்கன்னா இன்னொண்ணுக்கு ஸ்பெல் வேலை செய்யும், மத்த வரிகளும் நடக்கும்.

க்ரோசன் க்ரிப் மாதிரி ஸ்ப்ளிட் செகண்ட் கார்டுன்னா உங்களால ரெஸ்பாண்டே பண்ண முடியாது. அது ஸ்டாக்ல இருக்குற வரைக்கும் யாரும் ஸ்பெல் போட முடியாது, மனா எபிலிட்டி தவிர வேற எபிலிட்டி ஆக்டிவேட் பண்ண முடியாது. உங்க பூட்ஸ உடைக்குறதுக்குத்தான் இத வெச்சிருப்பாங்க. ஆனா ட்ரிகர் ஆகுற எபிலிட்டி ஸ்ப்ளிட் செகண்ட்லயும் ட்ரிகர் ஆகும், வார்டு அப்படிப்பட்டது.

பழைய கார்டுல ரீஜெனரேட் (டிஸ்ட்ராய்ல இருந்து தப்பிக்க வெக்கிற திறன்) இருந்தா இங்கதான் தப்பு நடக்கும், டிஸ்ட்ராய் நடக்குறதுக்கு முன்னாடியே ஆக்டிவேட் பண்ணி வெச்சிருக்கணும், செத்த பிறகு எழுப்ப முடியாது. ராத் ஆஃப் காட்ல "ரீஜெனரேட் பண்ண முடியாது"ன்னே எழுதியிருக்கு. 2022ல நியூ கபென்னால வந்த ஷீல்டு கவுண்டர் (கிரீச்சர் மேல வெக்கிற அடையாளம், ஸ்பெல்ல ரத்து பண்ற கவுண்டர் இல்ல) இந்தத் தொல்லை இல்லாதது, டேமேஜோ டிஸ்ட்ராயோ வந்தா தானா ஒரு கவுண்டர் கழண்டு கிரீச்சர் நிக்கும், எக்ஸைலுக்கும் சாக்ரிஃபைஸுக்கும் நிக்காது.

## எல்லாத்தையும் ஒரே நேரத்துல காப்பாத்த வழி இருக்கா

இருக்கு, ஃபேஸிங். கிரீச்சர் ஃபேஸ் அவுட் ஆயிட்டா அது அங்க இல்லாத மாதிரியே கேம் நடத்தும். டிஸ்ட்ராய், எக்ஸைல், மைனஸ், சாக்ரிஃபைஸ் எதுவும் அத தொட முடியாது. உங்க அடுத்த அன்டேப் ஸ்டெப்ல (உங்க டர்னோட தொடக்கத்துல) ஆரா, எக்விப்மென்ட், கவுண்டரோட அப்படியே திரும்பி வரும். செலவு கம்மியா ஒரே ஒரு கிரீச்சருக்கு வேணும்னா ஸ்லிப் அவுட் தி பேக், ஒரு நீல மனா. மொத்த மேஜைக்கும் வேணும்னா டெஃபெரிஸ் ப்ரொடக்‌ஷன், 2017 கமாண்டர் செட்டுல வந்தது, 3 மனா. உங்க லைஃப் மாறாது, உங்களுக்கு ப்ரொடக்‌ஷன் ஃப்ரம் எவ்ரிதிங், உங்க பெர்மனென்ட் எல்லாம் ஃபேஸ் அவுட். இந்தப் பட்டியல்ல கைய கடிக்கிற விலை இதுக்குத்தான், அதனால கடைசியா யோசிங்க.

இத போட்டும் தோத்துட்டேன்னு வர்றவங்களுக்கு மூணு கேள்வி. ஸ்பெல்லயே யாராவது கவுண்டர் பண்ணிட்டாங்களா? தாசாஸ் ஆரக்கிள் மாதிரி "நான் ஜெயிச்சுட்டேன்"னு சொல்ற கார்டு வந்துச்சா? அது உங்கள அடிக்கல, அவன ஜெயிக்க வைக்குது, உங்க ப்ரொடக்‌ஷனுக்கு அங்க வேலை இல்ல. பாய்சன் கவுண்டர் ஏற்கனவே உங்க மேல இருந்து ப்ரோலிஃபரேட்ல (ஏற்கனவே இருக்குற கவுண்டர ஒண்ணு கூட்டுறதுல) 10 ஆச்சா, 10 ஆனா தோல்விதான்? ப்ரோலிஃபரேட் டேமேஜும் இல்ல டார்கெட்டும் இல்ல. இன்னொண்ணு, லேண்டும் சேத்துதான் ஃபேஸ் அவுட் ஆகுது, அதனால அது ரிசால்வ் ஆன பிறகு உங்க அடுத்த டர்ன் வரைக்கும் வேற எதுக்கும் மனா இருக்காதுன்னு வெச்சுக்கோங்க.

## எப்ப ஜட்ஜ கூப்பிடணும்

வீட்டுல ஆடுறீங்கன்னா கேதரர்ல அந்த கார்டுக்கு கீழ இருக்குற ரூலிங் எல்லாத்தையும் படிங்க, முக்காவாசி கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும். அதுலயும் தீரலைன்னா காம்ப்ரஹென்சிவ் ரூல்ஸ்ல (முழு விதித் தொகுப்புல) 702ம் பகுதி, ஹெக்ஸ்ப்ரூஃப் 702.11, இன்டிஸ்ட்ரக்டிபிள் 702.12, ப்ரொடக்‌ஷன் 702.16, ஷ்ரௌட் 702.18, வார்டு 702.21.

"எல்லா எபிலிட்டியையும் இழக்கும்"னு ஒரு கார்டும் "இன்டிஸ்ட்ரக்டிபிள் பெறும்"னு இன்னொரு கார்டும் ஒரே கிரீச்சர் மேல மோதுச்சுன்னா, பொதுவா எது அப்புறம் வந்துச்சோ அது செல்லும். ஆனா எல்லா கிரீச்சரோட எபிலிட்டியையும் பறிக்குற ஹ்யூமிலிட்டி மாதிரி ஒரு கார்டு மேஜைல வந்துடுச்சுன்னா அதுக்கு மேல நீங்களே தீர்ப்பு சொல்லாதீங்க, நானும் சொல்றதில்ல, அது 613ம் பகுதி லேயர் கணக்கு (எந்த விளைவு எந்த வரிசையில சேரும்ங்கறது), அதுல பழகினவங்களே நிதானமாத்தான் பதில் சொல்லுவாங்க.

கடையிலயோ டோர்னமெண்ட்லயோ ஆடும்போது சந்தேகம் வந்த அந்த நொடியே கைய தூக்கி ஜட்ஜ்னு கூப்பிடுங்க. கூப்பிட்டா எதிராளிய சந்தேகப்படுற மாதிரி ஆயிடுமோன்னு நிறைய பேர் தயங்குறாங்க, அப்படி யாரும் எடுத்துக்க மாட்டாங்க, ஜட்ஜுங்க அதுக்காகத்தான் அங்க நிக்குறாங்க. ஜட்ஜ் வர்ற வரைக்கும் ஒரு கார்டையும் நகத்தாதீங்க, செத்ததா சொல்ற கிரீச்சர எடுத்து கிரேவ்யார்டுல வெக்காதீங்க, லைப்ரரிய கலைக்காதீங்க, கலைச்சுட்டா பழைய நிலைமைக்கு கொண்டு போறது ரொம்ப கஷ்டம். என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க: யாரோட டர்ன், ஸ்டாக்ல என்ன இருந்துச்சு, எது மொதல்ல, எது ரெஸ்பான்ஸ். ஃப்ளோர் ஜட்ஜ் சொன்னதுல திருப்தி இல்லைன்னா மரியாதையா அப்பீல் கேக்கலாம், ஹெட் ஜட்ஜ் வந்து பாப்பாங்க, அவங்க சொல்றதுதான் முடிவு, அதுக்கப்புறம் ஆட்டத்த தொடரணும்.